பதினேழாம் நாள்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்க மாட்டார். பஸ்ஸில் எவனாவது காலை மிதித்தால் மிதித்தவனிடம் இவரே மன்னிப்புக் கேட்பார். இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். ஏழு வருஷம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சொன்னது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அந்த வீட்டில் என் கண்ணுக்குத் தெரிந்த எதிரி மாமியார்தான். மாமியார், கொழுந்தன்மார் இருவர், நாங்கள் இருவர் என்று ஐந்து பேருக்குச் சமையலும் துணியும் பாத்திரமும் என் தலையில். கல்யாணமான மறுமாசமே தனியாகப் போய்விடலாம் என்று கேட்டேன்.

"எனக்கும் ஆசைதான். அம்மாதான் விட மாட்டேங்கிறாங்க. நீ போனா நான் செத்துடுவேன்னு அழறாங்க" என்றார்.

வருஷத்துக்கு இரண்டு முறை நான் கேட்பேன். இரண்டு முறையும் மாமியார் செத்துப்போகப் போவதாக இவர் வந்து சொல்வார். அந்த அம்மா நேரில் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததே கிடையாது. நானும் வாய் திறந்து கேட்டதில்லை. எங்களுக்குள் நடந்ததெல்லாம் தரையில் ஈரம், சோறு குழைந்துவிட்டது, பால் பொங்கி வழிந்துவிட்டது என்கிற சண்டைகள்தான். அவர் திட்டி நான் அழுதால், "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா" என்று இவர் முதுகைத் தடவிக்கொடுப்பார். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் நான் குஞ்சு பொரிக்கும் கம்பெனியில் இருந்தவள். 'கோழிக் கம்பெனியில கூலி வேலை' என்பது இந்த வீட்டில் அதற்குப் பெயர். போன வருஷம் ஐம்பது முட்டை பிடிக்கிற பழைய இன்குபேட்டர் ஒன்று விலைக்கு வந்தபோது, என் வளையலை விற்று வாங்கிப்போட்டேன். கடைவீதித் தீவனக் கடைக்காரர், குஞ்சு நன்றாக இருந்தால் மாசாமாசம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். இதை வைத்துக்கொண்டு தனியாகப் பிழைத்துவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சொன்னார்:

"முதல்ல ஒரு தடவை போட்டுப் பாரு. மெஷின்ல முப்பது குஞ்சு வரட்டும். வந்துச்சுன்னா அம்மா அழுதாலும் சரி, போயிடலாம்."

"சத்தியமாவா?"

"என்னை நம்ப மாட்டியா?"

நம்பினேன். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

தெருக்கோடி முட்டைக்காரியிடம் அறுபது முட்டை வாங்கினேன். ரொம்பப் பெரிது வேண்டாம், சின்னது வேண்டாம், ஓடு நெளிந்தது வேண்டாம் என்று நான் ஒதுக்கியதைப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி குறை சொல்றியே" என்று சிரித்தாள். அடைக்கு உட்கார்ந்து, பக்கத்தில் போனாலே சிலிர்த்துக்கொண்டு கொத்தவந்த கறுப்புக் கோழி ஒன்றையும் அவளிடமே இரவல் வாங்கினேன். ஐம்பது முட்டை மெஷினுக்கு, பத்து கோழிக்கு. சமையலறைக்குப் பின்னால் சாமான் போட்டுவைக்கிற அறையில் ஒரு மூலையில் மெஷின், எதிர்மூலையில் வைக்கோல் போட்ட கூடையில் கோழி.

மெஷினில் முப்பத்தேழரை டிகிரி நிற்க வேண்டும். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் திருப்பிவைத்துவிட்டு, சுவரில் ஒட்டிய தாளில் டிக் போடுவேன். கோழிக்குத் தாளும் கிடையாது, பென்சிலும் கிடையாது. அது பாட்டுக்கு அலகால் உருட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். நாளைக்கு ஒரு தடவை எழுந்து தின்றுவிட்டு, ஒரு குவியல் எச்சம் போட்டுவிட்டு, யாரோ அதன் சொத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது போல அலறியடித்து ஓடிவந்து உட்காரும்.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மெஷினில் ஏழு கரு பிடிக்காத கூமுட்டை. மீதி நாற்பத்துமூன்றிலும் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. கோழிக்கடியில் ஒன்பது தேறியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு முட்டையைக் காட்டினேன். நடுவில் துடிக்கிற புள்ளியைக் குனிந்து பார்த்து, "அட, உசிரு" என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பதினேழாம் நாள் ஒரு வீடு பார்க்கப் போக வேண்டியிருந்தது. நீங்களும் வாங்க என்றேன்.

"ரெண்டு பேரும் போயிட்டா முட்டையை யாரு திருப்புறது? நீ போயிட்டு வா. நான் லீவு போட்டுட்டுப் பாத்துக்கறேன்."

எனக்காக லீவு போடுகிறாரே என்று மனசு குளிர்ந்துபோனது. இரண்டு பஸ் மாறிப் போனேன். வீட்டுச் சொந்தக்காரர் ரிட்டயரான தபால்காரர். எத்தனை பேர் என்று கேட்டார், நானும் என் வீட்டுக்காரரும் என்றேன். இரண்டு அறை, ஜன்னல் வைத்த சமையலறை, பின்னால் சுற்றுச்சுவர் போட்ட கொல்லை, அதில் ஒரு குழாய். மெஷின் இங்கே, கோழிக்கூடு அங்கே என்று காலால் அளந்து பார்த்தேன். என்னை யாரும் கூப்பிடாத ஒரு வீட்டில் பத்து நிமிஷம் சும்மா நின்றேன். அந்தப் பத்து நிமிஷத்துக்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது. மாசக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார் தபால்காரர்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது மெஷினில் முப்பத்தேழரை டிகிரி. தாளில் மூன்று டிக், என்னுடையதைவிட அழகாக.

"எல்லாம் கரெக்டா பண்ணிட்டேன்" என்றார்.

பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும். அன்று டார்ச்சில் எல்லா முட்டையும் கறுப்பாகத்தான் தெரியும். குஞ்சு ஓடு நிறைய வளர்ந்திருக்கும், உயிரோடு இருக்கிறதா என்று டார்ச் சொல்லாது. தட்டில் தண்ணீர் ஊற்றி மூடியை மூடினேன். இருபத்தோராம் நாள் கோழிக்கடியில் ஒன்பதும் பொரித்தன. மெஷினில் ஒரு கீச்சொலிகூட இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியதுதான் மிச்சம்.

மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "கோழி பொரிக்கும். பொட்டி பொரிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கழுத்தைத் திருகினால் என்ன என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "விடு, நம்ம ராசி அவ்வளவுதான். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். இருபத்துநான்காம் நாள் காலையில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"குடு, நான் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்துடறேன். நீ பாத்தா மனசு கஷ்டப்படும்."

"இருங்க. உடைச்சுப் பாக்கணும்."

"செத்த முட்டையில என்ன பாக்கப் போற? நாறும்."

என்ன பார்க்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பெனியில் ஆறு வருஷமும் என் வேலையே அதுதான். பொரிக்காத முட்டைகளை ஒரு நாளைக்கு முந்நூறு உடைத்து, உள்ளே இருக்கிறது எந்த நாளில் செத்தது, எதனால் செத்தது என்று எழுதுவேன். மூன்றாம் நாள் குஞ்சுக்கும் பத்தாம் நாள் குஞ்சுக்கும் பதினேழாம் நாள் குஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஏழு வருஷம் ஒரே பாயில் படுத்தவர், அங்கே நீ என்னதான் வேலை பார்த்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் புத்தியாகச் செய்திருப்பார்.

கொல்லையில் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் முட்டையில் குஞ்சுக்கு ரோமம் முழுசாக வந்திருந்தது. மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் போகவில்லை. தலை இரண்டு காலுக்கும் நடுவில் இருந்தது. பதினேழாம் நாள். இரண்டாவதும் அப்படியே. பத்தாவதும் அப்படியே. இரண்டு மட்டும் முன்னாலேயே செத்திருந்தன. மீதி நாற்பத்தொன்றும் ஒரே நாளில், ஒரே மாதிரி, தோலுக்கடியில் ரத்தம் கட்டிச் செத்திருந்தன.

இவர் சாக்கோடு அங்கேயே நின்றிருந்தார்.

"நான் வீடு பாக்கப் போன அன்னிக்கு இங்க என்ன நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சு? ஒண்ணுமில்லையே."

"நாற்பத்தொண்ணும் அன்னிக்குத்தான் செத்திருக்கு."

சாக்கின் வாயைச் சுருட்டினார். "கரண்ட் போச்சு. ரொம்ப நேரம் வரல. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு…"

"கரண்ட் போனா குளிர்ல சாகும். இது சூட்டுல செத்தது. ரத்தத்தைப் பாருங்க. மெஷின் கெட்டு சூடு ஏறியிருந்தா அது தானா இறங்கி முப்பத்தேழரையில வந்து நிக்காது. யாரோ ஏத்தி, யாரோ இறக்கியிருக்காங்க. அன்னிக்கு மெஷினைப் பாத்துக்கிட்டது யாரு?"

தலையைக் குனிந்துகொண்டார். தெரு முழுக்க மெச்சுகிற அதே குனிவு.

"அம்மாதான்" என்றார் கடைசியில். "அம்மாதான் அழுதாங்க. குஞ்சு வந்துச்சுன்னா அவ உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாடா, ஏதாவது பண்ணுன்னாங்க. என்னால தாங்க முடியல."

குஞ்சுகளுக்குப் போட நொய் எடுத்துக்கொண்டு மாமியார் அப்போதுதான் கொல்லைக்கு வந்தார். கேட்டுவிட்டார்.

"நான் எப்படா அழுதேன்?"

"அம்மா, நீ உள்ள போ."

"நான் எதுக்குப் போகணும்? எங்க கூட்டிட்டுப் போறதைப் பத்திப் பேசறீங்க?"

"நாங்க தனியாப் போறது அத்தை" என்றேன். "ஏழு வருஷமா நீங்க விட மாட்டேங்கிறது."

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "நான் விட மாட்டேன்னேனா? தனியாப் போங்கடா, இந்த இடுக்குல ஏன் இடிச்சுக்கிட்டுக் கிடக்கறீங்கன்னு இவன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அவ வர மாட்டேங்கிறா, இந்த வீட்டை எழுதி வாங்காம நகர மாட்டாளாம்னு நீதானடா சொன்ன?"

சாக்கு அவன் கையிலிருந்து நழுவியது. ஏழு வருஷத்தில் முதல் முறையாக என் வாயில் 'நீ' வந்தது.

"ஏன்? உனக்கு வர இஷ்டமில்லைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாற்பத்தொரு உசிரை எதுக்கு வேகவெச்ச?"

"எனக்கு இங்கதான் பழக்கம்" என்றான், தரையைப் பார்த்தபடி. "அங்க போனா எல்லாத்துக்கும் நான்தான பதில் சொல்லணும். முடியாதுன்னு உன்கிட்ட சொன்னா நீ சண்டை போடுவ."

இவ்வளவுதான் காரணம். நான் சண்டை போடுவேனாம். அதனால் இரண்டு பெண்களை ஏழு வருஷம் ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிட்டு, நடுவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்குச் சூடாகச் சோறும் கிடைத்தது, நல்ல பெயரும் கிடைத்தது.

மாமியார் நொய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். "உன்னை எவ்வளவு கரிச்சுக் கொட்டியிருக்கேன்" என்றார். "வீட்டை எழுதி வாங்க அலையறவள்னு நினைச்சுத்தானே."

"நானும் உங்களைப் பத்தி நினைக்கக் கூடாததெல்லாம் நினைச்சேன் அத்தை."

ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். எனக்கு அழுகை வரவில்லை, அவருக்கும் வரவில்லை. காரணம்தான் பொய், திட்டியதெல்லாம் நிஜம். நான் உடம்பு முடியாமல் கிடந்த அன்று 'நடிக்கறா' என்று அவர் சொன்னதும் நிஜம், அவர் காய்ச்சலில் படுத்துத் தண்ணீர் கேட்டபோது நான் காதில் விழாதவள் போல இருந்ததும் நிஜம். அவன் சொன்ன பொய்யை இன்று பிடித்துவிட்டோம். அதை நம்பி நாங்கள் செய்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவர் என் தோளைத் தொட வந்த கையை, பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

வாளியை நானே தூக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டிப் புதைத்தேன். கையைக் கழுவிவிட்டுத் தபால்காரருக்குப் போன் போட்டேன். அவன் கொல்லைக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"சார், வீட்டை எடுத்துக்கறேன். நாளைக்கே வந்துடறேன்."

"நல்லதும்மா. நீயும் உங்க வீட்டுக்காரரும், ரெண்டு பேர்தானே?"

"வீடு பாக்க வந்த அன்னிக்குக் காலைல ரெண்டு பேர்தான் சார்" என்றேன். "இப்ப ஒரு ஆள்."