ஒரு சாண் உயர முக்காலி

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட வேண்டாம்.

ஈப்போவில், காடு ஏறுகிறவர்களுக்கும் மீன் பிடிக்கிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடை ஒன்றில் இரண்டு வருடம் சனி ஞாயிறு வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அது அந்தக் கடையில் நின்று வாங்கியது. 'நின்று' என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. பதினாறு வகை மடக்கு இருக்கைகள் விற்ற கடையில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது. தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின், சட்டம். நாங்கள் உட்கார்ந்தால் சரக்கு பழசாகிவிடுமாம்.

அந்தக் கடைக்கு ஒரு மனிதர் வந்து, காட்டுக்குள் படம் பிடிக்கப் போகும்போது எதில் உட்காரலாம் என்று ஒரு மணி நேரம் தேர்ந்தெடுத்தார். கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதன் பின்விளைவு.

2.

முதல் தொடக்கம்: விடிகாலை மூட்டத்தில், ஓடையின் சலசலப்புக்கு நடுவே, அந்த முதியவர் தன் கேமராவை

வேண்டாம். நான் அந்த ஓடையைப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது: அவர் உள்ளே நுழைந்தபோதே எனக்கு ஏதோ

பொய். அவர் நுழைந்தபோது எனக்குக் குதிகால் வலித்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் என் கை எனக்கே வக்காலத்து வாங்குகிறது. ஆகவே கடைப்பெண்ணுக்குக் கோகிலவாணி என்று பெயர் வைக்கிறேன். வயது இருபத்தொன்று. கோகி என்று கூப்பிடுவார்கள். அவளைக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் இந்தப் பக்கம் நின்றுகொள்கிறேன். (எங்கே போனாலும் நிற்பதுதான்.)

3.

வந்தவர் பெயர் ஃபூங் சீ வா. அறுபத்து மூன்று வயது. பொய்ப்பல் செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்றுவிட்டார். நண்பர்களுக்கு 'ஆ வா'. (தமிழில் 'வா' என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அதை வைத்து வித்தை காட்டப்போவதில்லை.)

ஞாயிறு தவறாமல் மூன்று பேர் பறவைப் படம் எடுக்கப் போவார்கள். ஃபூங், லோ மெங் ஃபாய், ஓய்வு பெற்ற வாத்தியார் ரோஸ்லான். ஏப்ரலில் அவர்கள் தேடுவது, தாய்லாந்துப் பக்கமிருந்து வலசை வந்து போகிற நீலச்சிறகு என்ற பறவை. தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்கிறார்களாம், அதற்குப் பங்காளி. மரத்தில் அல்ல, தரையில் தத்தித் தத்திப் புழு தேடும். அதன் கண்ணுக்கு நேராக லென்ஸ் இருந்தால்தான் அது படம். ஆகவே தாழ உட்கார வேண்டும், மணிக்கணக்கில்.

முன்பு நாலாவதாக ஆங் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு மூட்டு போய்விட்டது, பையை மற்றவர்கள் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். ஒருநாள் கோப்பிக் கடையில் ஃபூங் ஆரம்பித்தார்.

"இனிமே சட்டம் போட்டுருவோம். அவனவன் மூட்டை அவனவன் தோள்ல. தானா உக்காரணும், தானா எழுந்திருக்கணும். முடியாதவன் வீட்டுல பூனையப் படம் புடிக்கட்டும்."

"பூனைகூட எழுந்து போயிருமே, ஆங் என்ன பண்ணுவான்?" என்றார் ஃபாய்.

முதலில் சிரித்தவர் ஆங்தான். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. யாரும் போய்க் கூப்பிடவும் இல்லை.

(இதெல்லாம் ஃபாய் பின்னால் சொன்னது. பூனை மட்டும் என் கைச்சரக்கு.)

4.

"அமோய், இதுல எது லேசு?"

சீனப் பெண்களைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். ஃபூங்குக்குக் கடையில் நிற்கிற எல்லாப் பெண்களும் அமோய்.

"இந்த முக்காலி அங்கிள். நானூத்தி எண்பது கிராம்."

"இதவிட லேசா?"

"இதவிட லேசா வேணும்னா நின்னுக்க வேண்டியதுதான்."

அவர் சிரித்தார். முதுகுசாய்வு வைத்த மடக்கு நாற்காலியைக் கோகி பிரித்துப் போட்டாள். உட்கார்ந்து, இல்லாத கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ ஒசரத்துல உக்காந்தா குருவியோட முதுகுதான் விழும். உன் கல்யாணப் படத்த மொட்டமாடிலேருந்து எடுத்தா ஒத்துக்குவியா?"

"கல்யாணம் பண்ணிக்கிறதா இல்ல அங்கிள். செலவு மிச்சம்."

அடுத்தது, அடுக்கடுக்காக இழுத்தால் உயரும் பிளாஸ்டிக் ஸ்டூல். இழுத்தாள். கர்ர்ரக் என்றது.

"ஐயோ மூடு! இந்தச் சத்தத்துக்கு அது தாய்லாந்துக்கே திரும்பிப் போயிரும்."

கடைசியாக, கைத்தடி போல ஊன்றி, விரித்தால் இருக்கையாகிற ஒன்றை எடுத்தாள். எடை இருமடங்கு.

"இத ஊனி எழுந்துக்கலாம் அங்கிள்."

"கிழவனுங்களுக்கு வித்துக்க."

"நீங்க?"

"நான் பழைய ஆளு. கிழவன் இல்ல."

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தப் படக்காரர்களிடம் நான் பார்த்த விசேஷம் இது. எல்லாவற்றையும் தோளால்தான் நிறுப்பார்கள். லென்ஸ் மூன்று கிலோ இருக்கும், அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. இருக்கையில் இருநூறு கிராம் குறைக்க மூன்று கடை ஏறி இறங்குவார்கள். முழங்காலை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.]

திரும்ப அந்த முக்காலிக்கே வந்தார். ஒரு சாண் உயரம். உட்கார்ந்தபோது முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. முகத்தில் ஒரு நிறைவு. வெகு நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு எழுந்தார். எழவில்லை. நாலு விரற்கடை உயர்ந்து, திரும்ப விழுந்தார். முக்காலியின் காலைப் பரிசோதிக்கிறவர் போலக் குனிந்து பார்த்துக்கொண்டார். இரண்டாம் தடவை பக்கத்து அலமாரியைப் பிடித்தார். மேல் தட்டிலிருந்த அடுப்புகள் கடகடவென்று ஆடின. நின்றுவிட்டார். மேலுதட்டில் வேர்வை.

திரும்பாமலே கேட்டார். "பாத்தியா? சரியா எழுந்தேன்ல?"

கோகியின் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்று அவள் அம்மா சொல்வாள். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் அவள். அன்றைக்குச் சொன்னாள்: "ஓக்கே லா அங்கிள். சூப்பர்."

ஏன் அப்படிச் சொன்னாள்? மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். ஒன்று, அவர் மானத்தைக் காப்பாற்ற. இரண்டு, தவுக்கே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று, காலையிலிருந்து நிற்கிற ஒருத்திக்கு முன்னால் ஒருவர் தன் பிட்டத்துக்கு ஒரு மணி நேரம் இடம் தேடிக்கொண்டிருந்தார், அவளுக்கு எரிந்தது, போய்த் தொலையட்டும் என்றிருந்தது. முதலாவது படிக்க நன்றாக இருக்கிறது. மூன்றாவதுதான் நடந்தது.

5.

புதன்கிழமை அவர் அந்த முக்காலியோடு காட்டுக்குத் தனியாகப் போனார். ஃபாயோடு போவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் முக்காலியில் பழகிக்கொள்ளப் போனார் என்று நான் நினைக்கிறேன். பிற்பகலில் மலையில் மழை பிடித்தது. ஓடை ஏறியது. வியாழக்கிழமை காலையில் உடலை எடுத்தார்கள். ஓடைக்கும் ஒரு மரத்துக்கும் நடுவில் கிடந்தாராம். இரண்டு கையிலும் நகமெல்லாம் சேறு.

இதை மாற்றி எழுத நிறைய முயன்றேன்.

(அ) நீலச்சிறகு வந்தது, கண்ணுக்கு நேராக நின்றது, கேமராவில் கடைசிப் படம் அற்புதம். என் தோழி ஒருத்தி இப்படித்தான் முடிக்கச் சொன்னாள். அந்தக் கேமராவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. சாவுக்குக் கூலியாகக் குருவியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

(ஆ) மூங்கில் வெட்ட வந்த ஒருவர் அவரைத் தூக்கி நிறுத்துகிறார். சனிக்கிழமை ஃபூங் கடைக்கு வந்து, "அமோய், கிழவனாயிட்டேன், அந்தத் தடிய எடு" என்கிறார். நாலு பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை. கிழிக்கவில்லை. சில நாள் எடுத்துப் படிக்கிறேன்.

(இ) கோகி உண்மையைச் சொல்கிறாள்: "இல்ல அங்கிள், உங்களால எழுந்திருக்க முடியல." அவருக்குக் கோபம் வந்து வேறு கடையில் அதே முக்காலியை வாங்குகிறார். அதே புதன், அதே மழை. படித்தவர்களுக்கெல்லாம் இது பிடித்திருந்தது. என்னை விடுதலை செய்கிற முடிவு இது. அதனால்தான் எடுத்துவிட்டேன்.

6.

அடுத்த சனிக்கிழமை லோ மெங் ஃபாய் கடைக்கு வந்தார். கேமராப் பையிலிருந்த ரசீதை வைத்துக் கடையைக் கண்டுபிடித்திருக்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆ வாவுக்கு முக்காலி வித்தது நீதானா, கேர்ள்?"

"ஆமா அங்கிள்."

செய்தியைச் சொன்னார்.

"ஒரு வருசமா அவன் எழுந்து நின்னத நாங்க பாக்கவே இல்ல, தெரியுமா? கெளம்புற நேரத்துல 'நீங்க போங்க, இன்னும் ஒரே ஒரு படம்'னுவான். நாங்க கோப்பிக் கடைக்குப் போய் ரெண்டாவது கோப்பி சொல்றப்பதான் வந்து சேருவான். படத்துமேல பைத்தியம்னு நெனச்சோம். 'உன்ன அங்கயே நட்டு வச்சிட்டாங்களாடா, தண்ணி ஊத்தணுமா?'ன்னு வாத்தியார் கிண்டல் பண்ணுவாரு. சிரிப்பான்."

தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வழுக்கி விழுந்தான்னு போலீஸ்ல எழுதிட்டாங்க. அவன் பொண்டாட்டி என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இங்க உக்காந்து பாத்திருப்பான்ல?"

"பாத்தாரு."

"எழுந்தானா? தானா எழுந்தானா?"

7.

இங்கேதான் நாலு மாதமாக நிற்கிறது கதை.

கோகி 'ஆமா' என்றால், அவர் வழுக்கித்தான் விழுந்தார். யார் காலும் வழுக்கும். ஃபாய் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். அந்தச் சட்டமும் ஆங்கும் கோப்பிக் கடைச் சிரிப்பும் வெறும் பேச்சாகவே இருந்துவிடும். ஆனால் அது அதே பொய், அதே இடத்தில் நின்று, இரண்டாவது தடவை.

'இல்ல' என்றால், அவர்களுக்குப் பயந்துதான் அவர் தனியாகப் போனார் என்று ஃபாய் தெரிந்துகொள்வார். இருக்கிற காலமெல்லாம் தெரிந்துகொண்டே இருப்பார். அடுத்த நொடி கேட்பார்: "அப்ப நீ ஏன் வித்த?"

இரண்டையும் எழுதினேன். இரண்டையும் அடித்தேன். உண்மையில் என்ன சொன்னேன் என்பதைச் சொல்ல மாட்டேன். ஆமாம், கோகி இல்லை, நான்தான். அதைச் சொன்னால் நீங்கள் எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். எனக்கு உங்கள் தீர்ப்பு வேண்டாம், பதில் வேண்டும்.

ஃபாய் நிற்கிறார். கேட்ட கேள்விக்குப் பிறகு வாய் கொஞ்சம் திறந்தே இருக்கிறது. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துத் தவுக்கே கல்லாவிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறார், முகத்தில் வியாபாரச் சிரிப்போடு. பத்துப் பதினைந்து அடிதான் இருக்கிறது. அவர் வந்து சேர்ந்துவிட்டால் பிறகு பேச முடியாது.

சொல்லுங்கள். தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்து.