வேலியோரம் வில்மார்

மாண்டிவிடியோவின் செர்ரோ பேட்டையில் எங்கள் சின்னக் கிளப்பின் கேன்டீனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கால்பந்து ஆடுவார்கள். நான் ரொட்டி பொரிப்பேன். பெற்றோர் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். எல்லோரையும்விட உரக்கக் கத்துகிறவர் பஸ் டிரைவர் வில்மார்.

"ரோமினா! தூங்குறியா? அந்தப் பக்கம் இல்லடி, இந்தப் பக்கம்!"

அவர் மகள் ரோமினாவுக்கு எட்டு வயது. பந்து காலுக்கு வந்ததும் கோலைப் பார்க்க மாட்டாள், வேலியைப் பார்ப்பாள். அதற்குள் யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த மார்ச்சில் கிரிசெல் என்ற பெண் கோச்சாக வந்தாள். முதல் ஆட்டத்துக்கு முன்னால் பெற்றோரைக் கூப்பிட்டாள்.

"இனிமே நீங்க தாராளமா கத்தலாம். ஆனா புள்ள சரியா செஞ்சதை மட்டும்தான் கத்தணும், செஞ்ச உடனே. சும்மா 'சபாஷ்'னு சொல்லாதீங்க. எது நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"அவ ஒண்ணுமே சரியா செய்யலைன்னா?" என்றார் வில்மார்.

"அப்ப வாயை மூடிக்கிட்டு இன்னும் நல்லாப் பாருங்க."

"போச்சு, இனி இந்தாளு ஊமைதான்!" என்று யாரோ சொல்ல, வேலி முழுக்கச் சிரிப்பு.

உண்மையிலேயே ஊமையாகத்தான் நின்றார். கையிலிருந்த மாத்தே பானம் ஆறிப்போயிற்று. வாயைத் திறப்பார், மூடுவார். பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டாம் பாதியில் ரோமினா வழக்கம்போலப் பந்தைப் பறிகொடுத்தாள். ஆனால் நின்றுவிடாமல், பறித்தவன் பின்னாலேயே ஓடினாள்.

"ரோமி! பந்து போனதும் விடாம துரத்துனே பாரு, அது நல்லா இருந்துச்சு!"

வில்மார்தான். அவள் நின்று, கேலி பண்ணுகிறாரோ என்று அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதற்கப்புறம் கண்ட பந்தையெல்லாம் துரத்தினாள். எங்கள் அணிப் பையனிடமிருந்தே ஒரு தடவை பிடுங்கிவிட்டாள். கிரிசெல் விழுந்து விழுந்து சிரித்தாள். சில வாரங்களில் ரோமினாவைத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினாள்.

எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. எங்கள் ஊர்க் குளிர்காலமான ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த வில்மார், அவள் ஒரு பந்தைத் தவறவிட்டதும், "கழுதை! கண்ணு எங்கடி?" என்று கத்திவிட்டார். ரோமினா உறைந்து நின்றாள். அவரும்தான். பிறகு கேன்டீனுக்குப் பின்னால் போய், காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"போங்க வில்மார், புள்ள தேடுது" என்றேன்.

"எந்த மூஞ்சியோட போறது, தெல்மா?"

இடைவேளையில் அவளே வந்தாள், முழங்காலெல்லாம் சேறு.

"நீ கத்துனது எனக்குப் பிடிக்கலை."

"தப்புதாம்மா."

"வேலிக்கு வாப்பா. நீ இல்லைன்னா நான் நல்லா செய்யறதை யாரு பாக்கறது?"

எழுந்து போனார்.

அந்த வருஷம் எங்கள் அணி கடைசிக்கு முந்தின இடம். ரோமினா ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆனால் பந்து வந்தால் தலையைத் தூக்கி, தன் அணி ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்த்து அனுப்பக் கற்றுக்கொண்டாள். கடைசி ஆட்டத்தில் அப்படி அவள் கொடுத்த பந்தில் ஒரு பையன் கோல் போட்டான். எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாட, வில்மார் மட்டும் என் ஜன்னலுக்கு ஓடிவந்தார்.

"அந்தப் பாஸ், தெல்மா! அந்தப் பாஸைப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். சட்டியில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.