ரூபினிக்கு வைத்த பேர்

ஏழு வயசில் ஒருநாள் காலைப் பிரேயரில் நிற்கும்போது ரூபினி பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். வேறு பள்ளிக்கூடமாக இருந்தால் ஒரு வாரம் கேலி பண்ணிவிட்டு மறந்திருப்பார்கள். இது காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இங்கே ஆளுக்கொரு சைகைப் பேர் உண்டு. அதைக் கூட்டாளிகள்தான் வைப்பார்கள், தனக்குத்தானே யாரும் வைத்துக்கொள்ள முடியாது, வைத்தால் வைத்ததுதான். புருவத்தில் தழும்பு இருந்தால் தழும்பு, ரெட்டைச் சடை போட்டால் ரெட்டைச் சடை. ரூபினிக்கு வைத்ததோ, இரண்டு விரலால் பாவாடையைப் பிடித்து உதறிவிட்டு மூக்கைப் பொத்துவது. ஒன்பது வருஷமாக அதுதான் பேர். பாசமாகக் கூப்பிடுகிறவளும் மூக்கைப் பொத்தித்தான் கூப்பிட வேண்டும். என்ன சண்டாளப் பேர் பாருங்கள்!

அந்தப் பாசமாகக் கூப்பிடுகிறவள் மைதிலி. ரெட்டைச் சடை அவள்தான். ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அன்றைக்குப் பிரேயரில் தன் கைக்குட்டையால் ரூபினியின் காலைத் துடைத்துவிட்டவளும் அவள்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாசம். ஊருக்கு வெளியே, ஹெப்பகோடி தாண்டி ஒரு டிரஸ்டு கட்டிடத்தில் பத்து நாள் தலைமைப் பயிற்சி முகாம். கர்நாடகா பூராவிலிருந்தும் காது கேளாத பிள்ளைகள் நாற்பது பேர். இவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ரூபினியும் மைதிலியும் போவதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்றைக்கு மைதிலிக்கு நல்ல காய்ச்சல். மர்பி டவுனிலிருந்து ரூபினியை அவள் அம்மா எல்லம்மா தனியாகக் கொண்டுவந்து விட்டாள். எல்லம்மாவுக்குத் தெரிந்த சைகை மொத்தமே மூன்று: சாப்பிடு, தூங்கு, வெளியே போகாதே. மூன்றையும் வரிசையாகக் காட்டிவிட்டு, வேலை செய்கிற வீட்டுக்கு நேரமாச்சு என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

சாயங்காலம் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தான் ஆண்டனி. கோலார் தங்கவயல்காரன், அவனுக்கும் காது கேளாது, ஃபாக்டரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு முகாம் நடத்த வந்தவன். "அவங்கவங்க சைகைப் பேரைக் காட்டுங்க" என்றான் கையால். ஒவ்வொருத்தராகக் காட்டிக்கொண்டே வந்தார்கள். ரூபினியின் முறை வந்தது. கை பாவாடைப் பக்கம் போய், பாதியில் நின்றது. இங்கே யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது!

"எனக்குப் பேர் இல்லை" என்றாள்.

பயத்தில் ஒரு சிரிப்புச் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. எதிரே இருந்த விக்கி என்கிற மைசூர்ப் பையன் ஆள்காட்டி விரலைத் தன் கன்னத்தில் வைத்துத் திருகிக் காட்டினான். உடனே நாற்பது பேரும் திருகினார்கள். கன்னக்குழி! அன்றைக்கு ராத்திரி படுக்கையில் அவளும் தன் கன்னத்தைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே தூங்கினாள்.

பேர் வந்ததும் ஆளே மாறிப்போனாள். கயிறு இழுப்பதில் முன்னால் நின்றாள், சித்ரான்னம் பரிமாறுவதில் முன்னால் நின்றாள். மூன்றாம் நாள் அவள் குழுவுக்கு அவளையே தலைவி ஆக்கினார்கள். அன்றைக்கு மத்தியானமே ஆண்டனி வந்து சொன்னான்: "உங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம். நாளைக்கு வரா. உன் குழுதான். புதுசா வர்றவங்களைத் தலைவிதான் அறிமுகம் பண்ணணும். அவ பேர் என்ன?"

ரூபினி வாசல் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். மைதிலி கேட்டுக்குள் காலை வைத்ததும் என்ன செய்வாள்? கையை உயர்த்தி, ஒன்பது வருஷமாகக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவாள். பாவாடை, மூக்கு. முடிந்தது கதை. கேட்டருகே போய் நின்று, "அடியே, இங்கே என்னை வேறு பேரில் கூப்பிடு" என்று கெஞ்சியிருந்தால் மைதிலி மாட்டேன் என்றிருக்க மாட்டாள். ஆனால் பயந்தவளுக்கு நல்ல வழி எங்கே கண்ணில் படுகிறது?

ரூபினி பாவாடையை இரண்டு விரலால் பிடித்து உதறினாள். மூக்கைப் பொத்தினாள்.

"இதுதான் அவ பேர்" என்றாள்.

ஆண்டனி முகம் சுளித்தான். "பாவம், மோசமான பேரா இருக்கே."

"என்ன பண்றது, சின்ன வயசுல வைச்சது" என்றாள் ரூபினி. சொல்லிவிட்டுக் குழுவோடு விளையாடப் போய்விட்டாள், பாவி.

மறுநாள் மைதிலி வந்தாள். இளைத்துப்போன முகம், முதுகில் இரண்டு சடை. தூரத்தில் ரூபினியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, பாவாடையை உதறி மூக்கைப் பொத்தினாள். பார்த்த பிள்ளைகள், புதுசாக வந்தவள் தன் பேரைச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் அவளைப் பார்த்துத் திருப்பிச் செய்தார்கள். நாற்பது மூக்கு, நாற்பது கை. மைதிலி ஒன்றும் புரியாமல், "ஆமா, அவதான்" என்று ரூபினியைக் காட்டினாள். விக்கி இல்லை இல்லை என்று தலையாட்டி, ரூபினியைக் காட்டிக் கன்னத்தைத் திருகினான். மைதிலியைக் காட்டி மூக்கைப் பொத்தினான்.

மைதிலிக்கு அப்போதுதான் உறைத்தது. ரூபினியைப் பார்த்தாள். ரூபினி வேறெங்கோ பார்த்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மைதிலி எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "என் பேர் ரெட்டைச் சடை. அது அவ பேர்!" எல்லாரும் தலைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். இதுதான் கடைசிச் சமயம். ரூபினி தட்டைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சொன்னாள்: "எப்பவும் இப்படித்தான். வெட்கப்பட்டு அடுத்தவங்க மேல தள்ளிவிடுவா. கோவிச்சுக்காதீங்க." பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பெண் தன் தட்டை மைதிலிக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள். மைதிலி அதற்குப் பிறகு கையைத் தூக்கவே இல்லை. ஆறு நாள் மூலையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். கடைசி நாள் சர்ட்டிஃபிகேட் வாங்க அவள் மேடை ஏறியபோது கூடமே பாவாடையை உதறி மூக்கைப் பொத்தி வழியனுப்பியது. சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று ரூபினியும் பொத்தினாள்.

திரும்புகிற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. சிவாஜிநகர் வரைக்கும் மைதிலி கையை மடியிலேயே வைத்திருந்தாள். ரூபினி ஒரு தடவை அவள் தோளைத் தொட்டாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டவளிடம் மன்னிப்புக் கேட்க எந்தக் கையாலும் முடியாது. போகட்டும், பள்ளிக்கூடம் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ரூபினி தன்னையே தேற்றிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. ஜூன் இரண்டாம் வாரம் முகாம் போட்டோக்களை எடுத்துக்கொண்டு ஆண்டனியே வந்து நின்றான். அதே பிரேயர் மைதானம். மொத்தப் பள்ளிக்கூடமும் வரிசையில். மேடையில் ஏறினான். ரூபினி முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவன் முதல் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சட்டை நுனியைப் பிடித்து உதறினான். மூக்கைப் பொத்தினான். "மேலே வா!"

இருநூறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ரூபினியைக் காட்டினார்கள்.

ஆண்டனி தலையாட்டினான். "இவ இல்லை. இவ கன்னக்குழி" என்று திருகிக் காட்டினான். "அந்தப் பேர்க்காரி அதோ நிக்கறா."

அவன் விரல் மைதிலியிடம் போய் நின்றது. வரிசைகள் குழம்பின. யாரும் மைதிலியிடம் எதுவும் கேட்கவில்லை; முகாமில் ரூபினி தன் பேரை அவள் தலையில் கட்டிவிட்டாள் என்று அவள் முகமே சொன்னது. அவள் அழுதுகொண்டே மேடைக்குப் போய், ஆறு நாளாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிப்போன பேருக்கான போட்டோவை வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள், ரூபினியைப் பார்த்தார்கள். இரண்டு கன்னத்திலும் குழி விழ ரூபினி ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடத்தில் யாரும் பாவாடையை உதறவில்லை. ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. ஒன்பது வருஷப் பேர் ஒரே ராத்திரியில் ஒழிந்தது, அவள் ஆசைப்பட்ட மாதிரியே. வாசலில் நின்ற ஏழாங்கிளாஸ் பையன் அவளைக் கண்டதும் காற்றில் எதையோ பிடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டான். திருடுகிறது என்பதற்கு அதுதான் சைகை. அவனுக்குப் பின்னால் நின்றவனும் செருகிக்கொண்டான். அதற்குப் பின்னால் வரிசை முழுக்க.

பெஞ்சில் மைதிலி உட்கார்ந்திருந்தாள். ரூபினி கிட்டே போனதும் நகர்ந்து இடம் விட்டாள். பேனா வேண்டும் என்று தோளைத் தட்டி, காற்றில் பிடித்துக் கக்கத்தில் செருகி, கையை நீட்டினாள். அதில் கோபம் எதுவும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள்.