இரண்டு முறம் அரிசி

சம்பள நாளன்று தோட்டத்து ஆபீஸ் வாசலில் இரண்டு மேசைகள் போட்டிருப்பார்கள். முதல் மேசையில் கணக்கெழுதும் கிராணி கனகசபை பெயரைக் கூப்பிட்டுச் சம்பளத்தை எண்ணி வைப்பார். இரண்டாவது மேசை பக்கத்திலேயே, தூங்குமூஞ்சி மரத்தடியில். அங்கே தோட்டத்துக் கடைக்காரர் சபாபதி உட்கார்ந்திருப்பார். முதல் மேசையில் வாங்கிய காசு உள்ளங்கையில் சூடு ஏறுவதற்குள் இரண்டாவது மேசைக்குப் போய்விடும்.

ரெங்கம் என்ற சிற்றூருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. மாதம் முழுவதும் கடையில் பற்றில் வாங்கிச் சாப்பிடுவது, சம்பளத்தன்று அடைப்பது, அன்று மாலையே மறுபடி பற்றைத் தொடங்குவது. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லா வீட்டு அடுப்பும் இப்படித்தான் எரிந்தது. அதில் ஒரு பெருமையும் கலந்திருந்தது. யாருக்கு எவ்வளவு பற்றுக் கொடுப்பது என்று சபாபதிதான் தீர்மானிப்பார். நிறையக் கொடுத்தால் அவன் நம்பிக்கையான ஆள் என்று அர்த்தம்.

"எனக்கு இருபது வெள்ளி வரைக்கும் கேள்வியே கெடையாது" என்று அய்யாவு கள்ளுக்கடையில் சொல்வான். சொல்லும்போது மீசையைத் தொட்டுக்கொள்வான். வட்டி என்ற சொல்லைச் சபாபதி ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை என்பது அவன் அடிக்கடி சொல்லும் இன்னொரு விஷயம்.

மழைக்காலத்துக்கு முன் அய்யாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்தான். ரப்பர் பால் வெட்டாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் வீட்டில் உலை வைக்காத நாள் இல்லை. அந்த மாதச் சம்பளம் பற்றை அடைக்கப் போதவில்லை. சபாபதி கோபப்படவில்லை. தோட்டத்திலேயே வேலை பார்த்த அவன் மனைவி ராஜம்மாவைக் கடைக்குக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார்.

"மிச்சத்துக்கு என்ன தங்கச்சி பண்ணலாம்? உன் செவலை மாடு சினைதானே. அதை என் கொட்டாய்ல கட்டிடு. கணக்கு நேர்."

"தீவாளிச் சம்பளம் வரட்டும் மொதலாளி. முழுசா அடைச்சிடுறோம்."

"அடைப்பே, அடைப்பே. அடைக்கலேன்னா மாடு. சரியா?" சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து ஒரு சேலையை எடுத்து விரித்தார். கத்தரிப்பூ நிறம். "தீவாளிக்கு எடுத்துக்க. பற்றுல போட்டுக்கலாம்."

ராஜம்மா சேலையைத் தொடவில்லை. வீடு வரும்வரை ஒரே யோசனை. அந்த மாட்டைக் கன்றாக வாங்கி அவள்தான் புல் அறுத்துப் போட்டு வளர்த்தாள். கன்று போட்டால் பால் விற்கலாம். வெட்டுக் கத்தியைத் தொடாமல் வருகிற ஒரே காசு அதுதான். அதைக் கேட்கிற மனிதர் அதே மூச்சில் சேலை கொடுக்கிறார்.

"கடனைத் திருப்பிக் கேக்குறவரு எதுக்குங்க மறுபடி கடன் குடுக்குறாரு?" என்று இரவுச் சோற்றைப் போட்டபடி கேட்டாள்.

"நம்ம மேல நம்பிக்கை, புள்ள."

"நம்பிக்கைன்னா மாட்டை ஏன் கேக்கணும்?"

அய்யாவு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜம்மா சேர்த்து வைத்திருந்த முட்டைகளையும் ஒரு சேவலையும் ரெங்கத்துக்குக் கொண்டுபோய் விற்றாள். கையில் ஒரு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்தது. தண்டவாளத்துக்கு எதிரே அப்துல் ஹலீம் கடை. அவர் பற்றுக் கொடுப்பதில்லை; சொந்த மச்சானுக்கே கொடுக்கமாட்டார் என்று பேச்சு. அங்கே ஒரு வெள்ளிக்கு ரங்கூன் அரிசி வாங்கினாள். சுமந்து வரும்போதே தலை கனத்தது. வழக்கத்தைவிட அதிகமாகக் கனத்தது.

வீட்டுக்கு வந்தவள் நேரே சபாபதி கடைக்குப் போனாள். அதே ரங்கூன் அரிசி, ஒரு வெள்ளிக்கு, பற்றில். இரண்டு முறத்தை எடுத்து வாசலில் வைத்து, ஒன்றில் ரெங்கத்து அரிசியையும் மற்றதில் கடை அரிசியையும் கொட்டினாள்.

"என்னக்கா, கடை போடப் போறியா?" அடுத்த வீட்டு வீராயி எட்டிப் பார்த்தாள்.

"இதுல எது பெருசுன்னு பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் ராஜம்மா அரிசி அளக்கும் சுப்பாக்குத் தகரத்தால் அளந்தாள். ரெங்கத்து அரிசி பத்துச் சுப்பாக்கு. கடை அரிசி எட்டு. அதிகமாக இருந்த இரண்டையும் தனியே ஒரு பானையில் போட்டாள். அவளுக்கும் அய்யாவுக்கும் மகள் கமலத்துக்கும் ஒரு நாள் முழுக்கச் சமைத்து, காலையில் பழைய சோற்றுக்கும் மிஞ்சும் அரிசி அது.

அய்யாவு வந்ததும் பானையைக் காட்டினாள்.

"இதுதாங்க நீங்க சொல்ற நம்பிக்கை."

"அவரு வட்டியே கேக்குறதில்லையே!"

"கேக்கவேண்டியதில்லை. அளக்கும்போதே எடுத்துடுறாரு. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், எல்லாத்துலயும் இப்படித்தானே இருக்கும்? பத்துக்கு ரெண்டு. அஞ்சுக்கு ஒண்ணு. உங்க வரிசையில அஞ்சு மரத்துக்கு ஒரு மரம் சபாபதிக்குப் பால் குடுக்குது. விடியக்காலையில எந்திரிச்சு வெட்டுறது மட்டும் நீங்க."

சபாபதியின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவரும் ஊர் மொத்தக் கடையில் கடனுக்குத்தான் சரக்கு எடுத்தார். ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டம் மாறி ஓடிப்போகிறவர்களின் பற்றை யாரும் அவருக்குக் கட்டியதில்லை. அந்த நஷ்டத்தையெல்லாம் அவர் விலையில் பரப்பி வைத்திருந்தார். அதாவது, ஓடிப்போனவன் தின்ற அரிசிக்கு ஓடாமல் இருந்தவர்கள் காசு கொடுத்தார்கள். அதில் எவ்வளவு நஷ்டத்துக்கு, எவ்வளவு லாபத்துக்கு என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

"சரி, இனிமே ரெங்கத்துலயே ரொக்கத்துக்கு வாங்கலாம்" என்றான் அய்யாவு.

"ரொக்கம் எங்கருந்து?"

"சம்பளத்துலருந்து."

"அது போன மாசம் தின்னதுக்கு."

முடிச்சு அங்கேதான் இருந்தது. அவர்கள் பெரிய கடனாளிகள் இல்லை; ஒரு மாதம் பின்னால் நின்றார்கள், அவ்வளவுதான். கையில் வரும் சம்பளம் ஏற்கெனவே செரித்துப்போன சோற்றுக்குரியது. ஒரே ஒரு மாதம் கடையில் எதையும் வாங்காமல் தாண்டிவிட்டால், அடுத்த சம்பளம் முன்னால் வரப்போகும் சோற்றுக்கு ஆகிவிடும். அந்த ஒரு மாதத்தைத் தாண்டத்தான் யாராலும் முடியவில்லை. அப்படி யாரும் தாண்டிவிடக்கூடாது என்பதற்குத்தான் கத்தரிப்பூ நிறச் சேலை.

லயத்துக்குப் பின்னால் ராஜம்மா போட்டிருந்த மரவள்ளி அப்போது தோண்டும் பருவத்தில் இருந்தது. மாட்டுச் சாணியெல்லாம் அதற்குத்தான் போயிருந்தது.

தீபாவளிச் சம்பளத்தன்று இருவர் சம்பளத்தையும் சேர்த்து அவள் இரண்டாவது மேசையில் வைத்தாள். மாதம் முழுவதும் இறுக்கிப் பிடித்திருந்ததால் பழைய பாக்கியும் புதிய பற்றும் அதில் சரியாக அடைந்தது. மிஞ்சியது சில்லறை.

"நேர் பண்ணிட்டீங்களா மொதலாளி? இனிமே பற்று வேண்டாம்."

சபாபதி நிமிர்ந்து பார்த்தார். கடன் அடைந்ததில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. "தீவாளி மாசம். என்னத்தைத் திம்பீங்க?"

"மரவள்ளிக் கெழங்கு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அய்யாவு அண்ணே, அண்ணி உங்களைக் காட்டுப்பன்னி ஆக்கிட்டாங்களே!" என்று ஒருவன் கத்தினான். அய்யாவு தலையைக் குனிந்துகொண்டான்.

"வருவே தங்கச்சி. வரும்போது மாட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வா" என்றார் சபாபதி.

தீபாவளியன்று லயம் முழுவதும் எண்ணெய்ச் சட்டி கொதித்தது. ராஜம்மா கிழங்கைத் துருவித் தேங்காய் சேர்த்து அடை சுட்டாள். தன் பழைய சேலையில் நல்ல பாகத்தை வெட்டிக் கமலத்துக்குப் பாவாடை தைத்தாள். கமலம் அதைக் கட்டிக்கொண்டு ஓடினாள். யாரோ கேலி செய்ய, அழுதுகொண்டே திரும்பி வந்தாள். ராஜம்மா அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அவங்க துணிக்கு இன்னும் காசு குடுக்கலை. உன்னுது உன்னோடது. போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

பிறகு மழை பிடித்தது. மரம் நனைந்தால் வெட்டமுடியாது. வெட்டுவாயிலிருந்து பால் வழிந்து தண்ணீரோடு போய்விடும். வேலையில்லாத நாட்கள் வந்தன. கிழங்கும் கங்குங் கீரையும் தின்று அய்யாவுக்கு நாக்கு செத்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவன் இடுப்பில் பீடிக்கட்டு ஒன்றை ராஜம்மா பார்த்தாள்.

"ஏது?"

"அவரே கூப்பிட்டுக் குடுத்தாரு. ஒரு கட்டுத்தானே, புள்ள. மனுசன் ஒரு பீடிகூடக் குடிக்கக்கூடாதா?"

"குடிங்க. காசு குடுத்துக் குடிங்க. இப்ப ஒரு பீடி, நாளைக்கு ஒரு சுப்பாக்கு அரிசி, அப்புறம் அந்த மேசை."

பீடிக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு கொட்டும் மழையில் வாழையிலையைத் தலைக்குப் பிடித்தபடி கடைக்குப் போனாள். அங்கே ஏழெட்டுப் பேர் ஒதுங்கி நின்றார்கள். பீடிக்கட்டை மேசையில் வைத்தாள்.

"எண்ணிக்குங்க."

சபாபதி எண்ணினார். "ஒண்ணு குறையுதே."

"குடிச்சுட்டாரு." மடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "அந்த ஒரு பீடிக்கு இந்த முட்டை. மிச்சக் காசு குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சபாபதி கல்லாவைத் திறந்து சில்லறையைத் தேடினார். அந்தக் கடையில் ஒரு கூலிக்காரியின் பக்கம் காசு நகர்ந்து வந்ததை அங்கே நின்றவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

அடுத்த சம்பள நாளில் எல்லாருடைய சம்பளமும் மழையால் குறைந்திருந்தது. குறைந்த சம்பளம் மற்ற வீடுகளில் பாக்கியாக மாறியது. இரண்டாவது மேசையில் கெஞ்சும் குரல்கள் கேட்டன. அய்யாவுக்கும் ராஜம்மாவுக்கும் கிடைத்ததும் குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த காசு மொத்தமும் அவர்களுடையது.

"அய்யாவு!" பழக்கத்தில் சபாபதி கூப்பிட்டுவிட்டார்.

"என் பேரு அந்த மேசையில இல்லீங்க" என்றான் அய்யாவு. மீசையைத் தொடவில்லை.

சபாபதி எழுந்தே விட்டார். "எதுக்குய்யா ரெங்கத்துக்கு நடக்குறீங்க? ரொக்கம்னா நானும் வெள்ளிக்குப் பத்துச் சுப்பாக்கு அளக்குறேன்."

ராஜம்மா நின்றாள். "அப்ப பத்தும் உங்களால குடுக்க முடியும்?"

"ரொக்கத்துக்கு."

"கேட்டியா வீராயி? அந்த ரெண்டு சுப்பாக்கு எப்பவும் இருந்திருக்கு."

வரிசையில் இருந்த வீராயி தன் கையிலிருந்த காசைப் பார்த்தாள். பிறகு சபாபதியைப் பார்த்தாள். "அண்ணே, நான் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சு முடிச்சா எனக்கும் பத்துத்தானே?" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் முன்னே நகர்ந்தார்கள்.

சபாபதி பேச்சை மாற்ற நினைத்தவர்போல ராஜம்மாவைப் பார்த்து, "மாடு கன்னு போட்டிடுச்சாமே?" என்றார்.

"போட்டிடுச்சு. கெடேரிக் கன்னு." அவள் அரிசி வாங்கக் கொண்டுவந்த சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "வீட்டுக்குப் பால் வேணும்னா சொல்லி அனுப்புங்க மொதலாளி. நல்லா அளந்தே ஊத்துறேன். ஆனா ரொக்கத்துக்குத்தான்."