ரப்பர் சுத்தியல்

விரிப்பை மாற்ற நர்ஸ் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது, மனைவி விரிப்பின் நுனியைத்தான் பிடித்தாள். முதுகைத் தாங்கவில்லை. அவருடைய அக்கா முந்திக்கொண்டு வந்து தாங்கினாள்.

"என் தம்பி முதுகுல முள்ளா முளைச்சிருக்கு?" என்றாள், சுவரிடம் சொல்வதுபோல.

எட்டு மாதமாக மனைவி அந்த முதுகைத் தொடவில்லை. காலைப் பிடித்துவிட்டாள், வாயைத் துடைத்தாள், அள்ளிக் கொட்ட வேண்டியதையெல்லாம் முகம் சுளிக்காமல் அள்ளிக் கொட்டினாள். முதுகு மட்டும் கிடையாது. ஏன் என்று அவரும் கேட்டதில்லை. கேட்காமலே தனக்குள் ஒரு பதிலை வைத்துக்கொண்டார். தன்னைத் தொட அவளுக்கு அருவருப்பு என்பதே அந்தப் பதில் என்று, அவர் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்போது அவளுக்குத் தெரியும்.

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். முதுகுவலி வந்து எந்தத் தைலத்துக்கும் அடங்காதபோது, ஒருநாள் சிரித்துக்கொண்டே தன் ரப்பர் சுத்தியலைத் துண்டில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். டைலைத் தட்டுகிற மாதிரி தட்டு, சரியாக ஒட்டாத டைல்போல எங்காவது வெற்றுச் சத்தம் வருகிறதா பார் என்றார். தட்டினாள். சுகமாக இருக்கிறது என்றார். இரண்டு மாதம், சாயங்காலம் தவறாமல் தட்டினாள்.

அப்புறம்தான் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். கட்டி நுரையீரலில். அங்கிருந்து பிரிந்த செல்கள் ரத்தத்தில் மிதந்துபோய், முதுகெலும்பில் உள்ள புரதங்களைப் பற்றி ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிட்டன என்றார். ஒட்டிக்கொண்டு என்றதுமே அவளுக்குக் காது அடைத்துவிட்டது. டைல்ஸ்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாதா, சொல்லுங்கள். கலவைமேல் சும்மா வைத்த டைல் பெயர்ந்து வந்துவிடும். நாலு தட்டுத் தட்டினால்தான் உட்காரும்.

அன்றைக்கே சுத்தியலைப் பரணில் ஒளித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நர்ஸ் விரிப்பை மாற்றிய அன்று மதியம் அவருக்கு மூச்சு மாறியது. இழுத்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடி இழுத்தது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள் நர்ஸ். அக்கா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அப்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"முதுகு," என்றார். "கொஞ்சம் தட்டேன்."

நர்ஸ் குனிந்தாள்.

"நீ இல்லம்மா. அவ."

அவள் நர்ஸின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுத்தியல், துண்டு, இரண்டு மாதம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். காது மட்டும் அடுத்த அறையில், அவர் மூச்சின்மேல் இருந்தது.

"நான்தான் தட்டித் தட்டி ஒட்ட வெச்சேனா?"

நர்ஸ் சிரிக்கவில்லை. "வலி எப்ப வந்துச்சு? நீங்க தட்டறதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன."

"அப்ப அது முன்னாடியே பிடிச்சிருச்சுக்கா. பிடிச்சதாலதான் வலியே. அந்த செல்லு மேலயே கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கும். தனக்குத் தோதான புரதம் கிடைச்சா மாட்டிக்கும். நீங்க தட்டி மாட்டல, தட்டாம இருந்திருந்தா விட்டிருக்கவும் செய்யாது." கொஞ்சம் நிறுத்தினாள். "சுத்தியல் கூடாதுதான், எலும்பு நொறுங்கிரும். இப்ப கையால போங்க. சீக்கிரம்."

அடுத்த அறையில் மூச்சு நின்றிருந்தது. அவள் வாசற்படியில் கால் வைத்தபோது மறுபடி இழுத்தது.

கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையை முதுகில் வைத்தாள். எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. விரல் நுனியால், தூங்குகிற குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டினாள்.

வெகுநேரம் கழித்து அவர் உதடு அசைந்தது.

"வெத்துச் சத்தம் வருதா?"

"இல்லைங்க," என்றாள். "கெட்டியா இருக்கு."

அவர் முகத்தில் சிரிப்புபோல ஒன்று வந்து, போகாமல் அங்கேயே நின்றது. அடுத்த மூச்சு வரவில்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலிலிருந்து வந்த அக்கா போதும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன் அவள் முக்காலியைப் போட்டுப் பரணில் கைவிட்டுத் துழாவினாள்.

"என்ன தேடற?" என்றாள் அக்கா.

"அவரோட சுத்தியல், அண்ணி."

சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். அவருடைய வேலைப் பையில் கலவை பூசும் கரணை இருந்தது, மட்டம் பார்க்கும் ரசமட்டம் இருந்தது, இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. சுத்தியலை அதில் வைத்துப் பையை மூடினாள்.