தெகோலின் டாங்கி

மதகின் திருகை பதினோராவது சுற்றுச் சுற்றியபோது இரும்புக் கதவு முனகிக்கொண்டு மேலேறியது. வாய்க்கால் தண்ணீர் சேரிக்கு முன்னால் கிடந்த பள்ள வயலுக்குள் நுரைத்துப் பாய்ந்தது. பொழுது புலர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காயாரோகணம் திருகை விட்டுக் கையை உதறினார். பக்கத்தில் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மைத்துனன் சிங்காரவேலு நின்றான். அவனைத் தேடித்தான் இன்று வரப்போகிறார்கள்.

முந்தின நாள் நடவுக் கூலியைக் கூட்டிக் கேட்ட காளியம்மாளை மிராசுதாரின் காரியக்காரர் குஞ்சிதபாதம் வரப்பிலேயே வைத்து அறைந்தார். காளியம்மாள் காயாரோகணத்தின் மனைவி, சிங்காரவேலுவுக்கு அக்கா. தம்பி மண்வெட்டிக் காம்பால் திருப்பி அடித்ததில் காரியக்காரரின் முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. விடிந்ததும் அவனைத் தூக்கிப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். போன மாதம் பக்கத்து ஊரில் அப்படித் தூக்கிப்போன செங்கொடிச் சங்கத்து ஆள் மூன்றாம் நாள் வடிகாலில் மிதந்தான். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. போலீசுக்குப் போகலாமென்று யாரும் சொல்லவில்லை. ஆட்சி மாறி இரண்டு வருடம் ஆகியும் போலீஸ் மிராசுதார் வீட்டில்தான் காப்பி குடித்தது.

"போதுமா மச்சான்?" என்றான் சிங்காரவேலு.

"முழங்கா அளவுக்கு நிக்கணும் மாப்ள. தரையில பத்து பேரு வந்தா பத்து பேருதான். அதே பத்து பேரு வரப்பு மேல வந்தா ஒருத்தன். பின்னாடி இருக்குற ஒம்போது பேரும் முன்னாடி போறவன் முதுகத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும்."

எதையும் விளக்காமல் அவரால் செய்ய முடியாது. காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஆப்பிரிக்க மணலில் சண்டை போட்டுவிட்டு, பெண் எடுத்த ஊரோடு வந்து தங்கிவிட்ட மனிதர். சாயங்காலம் நாகரத்தினத்தின் டீக்கடையில் ரேடியோ செய்தி முடிந்ததும் தன் ஜெனரலின் கதையை ஆரம்பிப்பார். ஷார்ல் தெகோல். முதல் யுத்தத்தில் அடிபட்டுச் சிறைப்பட்டவர். ஐந்து தடவை தப்பிக்கப் பார்த்து ஐந்து தடவையும் பிடிபட்டவர். எல்லையில் கோட்டைகளை வரிசையாகக் கட்டிவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தால் போதுமென்று பிரான்ஸ் நினைத்தபோது, அது நடக்காது, ஓடுகிற டாங்கிப் படைதான் வேண்டும் என்று புத்தகமே எழுதினார். கேட்பாரில்லை. ஜெர்மன்காரன் கோட்டைகளை விட்டுவிட்டுக் காட்டு வழியாக டாங்கிகளில் வந்தான். நாடு விழுந்தது. ஜெனரல் லண்டனுக்குப் பறந்துபோய் ரேடியோவில், சண்டை முடியவில்லை என்று பேசினார். பின்னால் நாட்டுக்கே தலைவராகிப் பத்து வருடம் ஆண்டார். இரண்டு மாதத்துக்கு முன், ஓட்டெடுப்பில் ஜனங்கள் வேண்டாமென்று சொன்னதும் பதவியை விட்டுவிட்டுக் கிராமத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஓட்டுல தோத்ததுக்கா போயிட்டாரு? நம்ம ஆளுங்க தோத்தாக்கூட கார்ல கொடியக் கழட்ட மாட்டானுவளே" என்று அன்றைக்கு டீக்கடையில் நல்லக்கண்ணு சிரித்தான்.

அந்த நல்லக்கண்ணுதான் இப்போது வரப்பின் முனையில் கம்போடு முதல் ஆளாக நின்றான்.

மிராசுதாரின் ஆட்கள் முப்பது பேர் வந்தார்கள். தண்ணீரைப் பார்த்துத் தயங்கினார்கள். இருவர் வயலில் இறங்கிப் பார்த்தார்கள். உழுத சேறு கணுக்காலைப் பிடித்து உறிஞ்ச, விழுந்து எழுந்து திரும்பினார்கள். பிறகு காயாரோகணம் சொன்னது போலவே ஒருவர் பின் ஒருவராக வரப்பில் ஏறினார்கள். முதலில் வந்தவனின் தாடையில் நல்லக்கண்ணுவின் கம்பு இறங்கியது. பல் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. அடுத்தவன் அரிவாளை ஓங்குவதற்குள் விழுந்தவன்மீதே தடுக்கிக் குப்புறச் சாய்ந்தான். அவன் பிடரியில் ஒன்று. மூன்றாவது ஆள் வேல்கம்பை நீட்டினான். அது நல்லக்கண்ணுவின் வயிற்றில் நுழைந்தது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இழுக்கவிடாமல் அப்படியே உட்கார்ந்தான். வேல்கம்பை விட்டுவிட்டு ஓடியவனைச் சிங்காரவேலு துரத்தித் தோளில் வெட்டினான். பின்னால் நின்றவர்களும் திரும்பி ஓட, வரப்பு காலியாயிற்று. நல்லக்கண்ணு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது.

அப்போது களத்துப் பக்கமிருந்து டிராக்டரின் சத்தம் கேட்டது.

காயாரோகணம் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. போன வருடம் இதே வயலில் ரப்பர் சக்கரம் புதைந்து நான்கு ஜோடி மாடு கட்டி இழுத்த வண்டி அது. இன்று பின்சக்கரங்கள் இருந்த இடத்தில் வெறும் இரும்புப் பட்டைகளால் கூடை போலக் கட்டிய இரண்டு பெரிய சக்கரங்கள் இருந்தன. வண்டி நேராகத் தண்ணீரில் இறங்கியது, புதையவில்லை. பட்டைகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் பதிந்து, பாரத்தைப் பரப்பி, உந்தித் தள்ளின. வண்டிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் அது உடைத்துவிட்ட தடத்தில் வந்தார்கள். ஒருவன் கையில் தீப்பந்தம் இருந்தது.

ஓட்டியவன் மிராசுதார் வீட்டு டிரைவர் கோவிந்தராசு. டீக்கடையில் தினமும் முன்வரிசையில் குந்தியிருப்பவன். அவ்வளவு எடையுள்ள டாங்கி சேற்றில் ஏன் புதைவதில்லை என்று அவன் கேட்க, இவர்தான் மேசைமேல் டீ கிளாசை வைத்து, பட்டை பாரத்தைப் பரப்பிவிடுமென்று விளக்கினார்.

"அண்ணே, நவுந்துக்குங்க! நீங்க சொன்ன டாங்கிண்ணே இது! சிங்காரத்த மட்டும் வுட்டுடுங்க, குடிசையில கை வைக்கமாட்டோம்!"

தண்ணீரால் கோட்டையைக் கட்டிவிட்டுத் தானும் அதன் பின்னால் உட்கார்ந்துவிட்டது காயாரோகணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "மரத்தப் புடி மாப்ள!" என்று கத்தினார். வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்த தென்னை மரத்தை இருவரும் புரட்டி வயலுக்குள் தள்ளினார்கள். தண்ணீரில் அது இலகுவாக வந்தது. வண்டி கடக்கும்போது பக்கவாட்டிலிருந்து முனையைச் சக்கரத்துக்குள் செருகினார்கள். பட்டைகளுக்கு நடுவே மரம் மாட்டிக்கொண்டது. எஞ்சின் சுற்றச் சொல்கிறது, சக்கரத்தால் சுற்ற முடியவில்லை. அப்படியான நேரத்தில் சக்கரத்துக்குப் பதில் வண்டி சுற்றும். கிளட்சை மிதிக்க வேண்டும். கோவிந்தராசு பயத்தில் ஆக்சிலேட்டரைக் கொடுத்தான். வண்டியின் மூக்கு எழும்பியது, நின்றது, பின்பக்கமாக மல்லாந்தது. பின்னால் வந்தவர்களில் ஒருவனின் கத்தல் பாதியில் நின்றுபோனது. மற்றவர்கள் சேற்றில் விழுந்து புரண்டு ஓடினார்கள். தீப்பந்தம் தண்ணீரில் சீறி அணைந்தது.

கோவிந்தராசு உயிரோடிருந்தான். ஸ்டீரிங் அவன் நெஞ்சைச் சேற்றுக்குள் அழுத்தியிருந்தது. முகம் மட்டும் வெளியே தெரிந்தது, காதுவரை தண்ணீர். காயாரோகணம் மண்டியிட்டு அவன் தலையை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். அதற்கு மேல் கழுத்து வரவில்லை.

"அண்ணே... தண்ணி ஏறுதுண்ணே."

"ஏறாது. பேசாத, வாய மூடிக்க." அவர் கரையைப் பார்த்துக் கத்தினார். "மாப்ள, மதக அடச்சிடு!"

மரத்தை விட்டுக் கரையேறியிருந்த சிங்காரவேலு மதகடியில்தான் நின்றான். ஒரு கை திருகின்மேல் இருந்தது. அவன் வரப்பில் உட்கார்ந்தபடியே செத்திருந்த நல்லக்கண்ணுவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினோரு சுத்துடா. கெஞ்சிக் கேக்குறேன், சுத்துடா!"

கை திருகின்மேலேயே இருந்தது. மிதந்து வந்த வைக்கோல் ஒன்று கோவிந்தராசுவின் கீழுதட்டில் ஒட்டியது. அவன் அதை ஊதித் தள்ளினான். அது சற்று விலகி, மறுபடியும் வந்து ஒட்டியது.