கூரையை ஒட்டி நடந்த கழுதை

1997 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, துனீசியாவின் தென்மேற்கே நெஃப்தாவை அடுத்த ஒரு சிற்றூரில், பள்ளிக்கூடத்து நான்காம் வகுப்புச் சுவரில் பதநீர் சுமக்கும் கழுதை ஒன்று கால் மேலாகத் தலை கீழாக நடந்து போனது.

முப்பத்தொரு பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். கழுதையின் இருபக்கமும் தொங்கிய தகரக் குடங்கள் ஒரு சொட்டும் சிந்தாமல் கூரையை ஒட்டி ஆடிக்கொண்டே நகர்ந்தன. அதற்குக் கீழே எதிர்வீட்டு மஞ்சள் சுவர், அதற்கும் கீழே அந்த வீட்டு மொட்டைமாடி, எல்லாவற்றுக்கும் அடியில் நீல வானம். முன்வரிசைப் பிள்ளைகள் காலை நீட்டினால் வானத்தில் நனைந்துவிடும் போலிருந்தது. குளம்பொலி மட்டும் நிமிர்ந்தே வந்தது.

ஆசிரியை ஹயாத் சன்னல்களைக் கம்பளியால் மூடி, ஒன்றில் மட்டும் பட்டாணி அளவு துளை விட்டிருந்தாள். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற வரியைப் போன வாரம் மூன்று முறை புத்தகத்தைப் பார்த்து வாசித்துக் காட்டியதில், பிள்ளைகள் கொட்டாவி விட்டதுதான் மிச்சம். இன்று அந்த வரியை அவள் எடுக்கவே இல்லை. கையில் ஒரு நூல்கண்டு வைத்திருந்தாள்.

“இந்த நூல ஓட்டையில கோத்து, கழுதை இருந்த இடத்துக்கு இழுத்துப் பிடிங்க. வெளிய அது எங்க போய் முட்டும்?”

மேசைமேல் ஏறி நின்று இழுத்துப் பார்த்தார்கள். “மேல இருந்து வர்ற நூல் கீழதான் போகுது, டீச்சர். தெருவுக்கு.” “அப்ப வானம்?” “அது கீழருந்து மேல போகும்.” சொன்னவளுக்கே தான் சொன்னது வியப்பாக இருந்தது. சிலர் மேசையில் மல்லாந்து படுத்துத் தலையைத் தொங்கவிட்டு, தெருவை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மொட்டைமாடியில் சிவப்பு முக்காடு ஒன்று அசைந்தது. துணி உலர்த்த வந்த பெண். ரீம் என்ற பத்து வயதுக்காரி மெதுவாகச் சொன்னாள்: “எங்கம்மா.”

அவள் அதை வீட்டிலும் சொன்னாள்.

மறுநாள் காலை ரீமின் அப்பா கமீஸ் தலைமை ஆசிரியர் லஸ்ஹரின் அறையில் உட்கார்ந்திருந்தார். தேநீரைத் தொடவில்லை.

“என் பொண்டாட்டிய வீடியோ எடுத்து வகுப்பு முழுக்கப் போட்டுக் காட்டியிருக்காங்க. கேசட்டக் கொடுக்கச் சொல்லுங்க, லஸ்ஹர் ஐயா. இல்லன்னா போலீசுக்குப் போறேன்.”

“கேசட்டே இல்லைங்க,” என்றாள் ஹயாத். “கேமராவும் இல்ல. வெறும் ஓட்டை.”

“ஓட்டையில படம் வருமா? எங்க கதவுல நாலு ஓட்டை இருக்கு. ஒரு நாளும் படம் ஓடல.”

லஸ்ஹர் சிரிப்பை அடக்கத் தேநீரைக் குடித்தார். பிறகு ஹயாத்தைப் பார்த்தபோது சிரிப்பில்லை. நான்கு ஆண்டுகளில் அவளுக்கு இது மூன்றாவது தற்காலிக வேலை. நிரந்தரம் ஆவதற்கு அவர் அறிக்கை வேண்டும். சனிக்கிழமை அது ஆய்வாளருக்குப் போகிறது. “போலீஸ் வாசல் வரைக்கும் வந்துட்டா நான் ஒண்ணும் நல்லதா எழுத முடியாதும்மா,” என்றார்.

“பத்து மணிக்கு வாங்க,” என்றாள் ஹயாத் கமீஸிடம். “வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”

வந்தார்கள். வகுப்புக்குள் படமெடுக்கும் இயந்திரம் இருக்கும் என்று பயந்து கமீஸ் வாசலைத் தாண்டவில்லை, தெருவிலேயே நின்றுகொண்டார். மனைவி மன்ஜியா உள்ளே போனாள். கண் இருட்டுக்குப் பழக ஆறேழு நிமிடம் ஆயிற்று. பிறகு கூரையிலிருந்து ஒரு மனிதன் வௌவாலைப் போல் தொங்குவது தெரிந்தது.

“யா கமீஸ்,” என்று கம்பளிக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. “தலையச் சொறியாத.”

அவர் சட்டென்று கையை இறக்கினார்.

“இப்ப மீசையத் தடவுற. ரொட்டி அடுப்புக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்த சிகரெட்டப் பையிலருந்து எடுக்கப் போறியா? எடு, எடு. எல்லாம் தெரியுது.”

பிள்ளைகள் சிரித்தார்கள். கமீஸ் தெருவின் இரு முனையையும் பார்த்துவிட்டு, “நீ வெளிய வா. நான் பாக்குறேன்,” என்றார்.

இடம் மாற்றிக்கொண்டார்கள். அவர் முதலில் மேசைக்கடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடினார். யாரும் தடுக்கவில்லை. தேடி முடித்துத் திரும்பியபோது சுவரில் மன்ஜியா நின்றுகொண்டிருந்தாள். தலைகீழாக, ஒரு முழ அளவில், சிவப்பு முக்காட்டோடு. காற்று முக்காட்டைத் தூக்கியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்த அசைவுதான். ஓசையில்லாமல், வெயிலோடு, மெல்லிய நீரில் மிதப்பதுபோல் அது இறங்கி வந்தது.

அவர் மேசையில் ஏறிச் சுவர்மேல் உள்ளங்கையை வைத்தார். அவள் அவர் புறங்கையில் வந்து நின்றாள். கையை நகர்த்தினார், அவள் நகரவில்லை. ஹயாத் துளையை விரலால் மூடினாள்.

“எங்க போச்சு?”

“எங்கயும் போகல. தெருவுலதான் நிக்கிறாங்க.” விரலை எடுத்தாள்.

“நேத்து வந்தது?”

“வந்தது, போயிடுச்சு. வெளிச்சம் வந்தா படம், இல்லன்னா சுவரு. எதுவும் தங்காது.”

கமீஸ் கையை எடுக்காமலே நின்றார். வெளியே மன்ஜியா, “கண்டுபிடிச்சாச்சா? கால் வலிக்குது,” என்று கத்தினாள்.

“டீச்சர்,” என்றார் அவர் தாழ்ந்த குரலில். “கொஞ்ச நேரமாவது சேத்து வைக்க முடியாதா?”

“இந்த ஓட்டையால முடியாது. அதுக்கு வேற பாடம் இருக்கு.”

“அது என்னைக்கு?”

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிற்று. வியாழக்கிழமை மாவுமில் முதலாளியும் மருத்துவச்சியும் இரண்டு கிழவர்களும் வாசலில் நின்றார்கள். ஹயாத் அவர்களைப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, நூல்கண்டைக் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை, மார்ச் 15, லஸ்ஹர் அறிக்கையில் கையெழுத்திட்டார். கற்பித்தல் நன்று என்றும், வீடுகளைப் பார்க்காதபடி துளையைக் கிழக்குச் சன்னலுக்கு மாற்றச் சொல்லியிருப்பதாகவும் எழுதினார். கிழக்கே பேரீச்சந்தோப்பு மட்டுமே இருந்தது. செப்டம்பரில் ஹயாத்தின் வேலை நிரந்தரமாயிற்று.